வெறுங்கையோடு இருபத்தேழு பேர்

அவர் கையில் மட்டும்தான் பை இருந்தது.

அவர் அழைத்துப்போன இருபத்தேழு பேரும் வெறுங்கையோடு புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் காலில் செருப்பும் இல்லை. சென்னையின் மத்தியான வெயில் சுள்ளென்று அடித்தது.

தூரத்தில் ஓடுபாதை ஓரமாக விமானம் சாய்ந்து நின்றது. இறங்கியபோது சக்கரத்தில் பற்றிய நெருப்பைத் தீயணைப்பு வண்டிகள் நுரை பீய்ச்சி அணைத்துவிட்டன. யார் உயிருக்கும் ஒன்றுமில்லை.

பையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். திருட்டுப் பொருளை ஒளித்து வைப்பது போல இருந்தது. மறுபடி முன்னால் கொண்டுவந்தார்.

காசியில் விமானம் கிளம்பும்போது, பணிப்பெண் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொன்னதை எழுந்து நின்று தமிழில் சொன்னவர் அவர்தான். நாக்பூரில் பதினெட்டு வருடம் வங்கியில் வேலை பார்த்தவர். யாத்திரை நடந்த ஒன்பது நாளும் விருத்தாசலத்துக் கூட்டத்துக்கு அவர்தான் வாய், அவர்தான் காது.

ஆபத்து என்றால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும், பையைத் தொடவே கூடாது என்று சொன்னார். அதோடு விட்டாரா? வெற்றிலைப் பெட்டிக்கும் சேர்த்துத்தான் என்று கோதண்டபாணியைப் பார்த்து ஒரு கிண்டல் வேறு. எல்லாரும் சிரித்தார்கள்.

கோதண்டபாணி இப்போது வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார்.

எல்லாரும் கேட்டார்கள். சொன்னவர் கேட்கவில்லை.

அவருடைய பையில் இருந்தது ஒரு பனாரஸ் புடவை. அரக்கு நிறம். மகளின் வளைகாப்புக்கு வாங்கியது. புகை உள்ளே வந்தபோது கை தானாக மேலே போய்விட்டது.

தானாகப் போனது என்பதும் பொய். தலைக்கு மேலே பை வைக்கும் தட்டின் மூடி இறுகிக்கொண்டது. இரண்டு முறை குத்தித் திறந்தார். கைக்குக் கிடைத்த பையின் வார் எதிலோ சிக்கியது. இழுத்தார். பின்னால் வரிசை நின்றுபோனது. யாரோ கத்தினார்கள். யாரோ விழுந்த சத்தம் கேட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவருகில் பணிப்பெண் பையைப் பிடுங்கினாள். அவர் விடவில்லை. அவர் மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. அந்தப் பெண்ணோடு பைக்காக மல்லுக்கு நின்றார். கடைசியில் அவள் பையோடு சேர்த்தே அவரை, கதவிலிருந்து தரைக்கு விரிந்திருந்த காற்றுச் சறுக்கில் தள்ளிவிட்டாள்.

நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

அந்த நேரத்திலும், யாரும் பார்க்காதபோது, புடவை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் குனிந்தார்.

கைப்பிடியில் பெயர் அட்டை தொங்கியது. எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலப் பை வாங்கி, அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக் கட்டியவர் அவர்தான். அட்டையில் அவருடைய கையெழுத்து.

திலகவதி.

அந்தம்மா நாலு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தார். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பவர் யாரென்று தெரியாது. தூங்குவதற்காக அதைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார். வீங்கிப்போன இடது மணிக்கட்டை முந்தானையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

அவர் பையைக் கொண்டுபோய் அந்தம்மாவின் மடியில் வைத்தார். உங்களுடையது என்று மட்டும் சொன்னார்.

அந்தம்மா அதைத் தடவிப் பார்த்தார். ஒற்றைக் கையால் ஜிப்பைத் திறந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்காகவா சார் எடுத்துட்டு வந்தீங்க?"

அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சார் தனக்கென்று எதை எடுத்திருக்கிறார் என்றார் கோதண்டபாணி.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, போனது.

பணிப்பெண் முதலுதவிப் பெட்டியோடும் ஒரு படிவத்தோடும் வந்தாள். அவள் காலிலும் செருப்பில்லை. ஆள்காட்டி விரலில் பஞ்சு சுற்றியிருந்தது. நகம் எப்படிப் பெயர்ந்தது என்று அவருக்குத் தெரியும்.

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தம்மாவுக்கு எப்படி அடிபட்டது, எழுத வேண்டும், கேட்டுச் சொல்லுங்கள் என்று இந்தியில் சொன்னாள்.

அவர் தமிழில் கேட்டார்.

"முன்னால யாரோ பையை இழுத்துக்கிட்டு வழியில நின்னுட்டாங்க சார். பின்னாலேருந்து தள்ளுனதுல விழுந்துட்டேன். கண்ணாடி இல்லையா, யாருன்னு தெரியல. யாரோ, நல்லா இருக்கட்டும்."

அவர் பணிப்பெண்ணின் பக்கம் திரும்பினார். தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, இந்தியில் சொன்னார். வழியில் நின்றவன் நான்தான் என்றார். இந்த அம்மா விழுந்தது என்னால்தான் என்றார். உன் விரலுக்கும் மன்னித்துக்கொள் அம்மா என்றார்.

சொல்லி முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. சுற்றியிருந்த யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. அதனால்தான் லேசானது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். அந்தம்மாவின் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். அவரைக் கும்பிட்டவர்களைப் பார்த்தாள். கோபப்படவில்லை. இதை அவர்களிடமும் சொல்லுங்கள் என்றாள்.

சொல்லிவிட்டு, பேனாவைப் பிடித்தபடியே காத்திருந்தாள்.

இருபத்தேழு முகங்களும் அவர் பக்கம் திரும்பின. ஒன்பது நாளும் அப்படித்தான் திரும்பின.

"என்ன சார் சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டார் திலகவதி.