சிவந்தால் திறக்கும் கதவு

அந்த ஊரில் வலிக்கிறது என்று வாயால் சொல்லும் வழக்கமே விட்டுப்போயிருந்தது, கண்ணுகளா. கையில் கட்டிய பட்டை ரத்தத்தில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடும்: இல்லையென்றால் பச்சை, இருந்தால் சிவப்பு. பட்டை சிவந்தால் பனியன் கம்பெனி வேலையை விட்டு அனுப்பிவிடும். ஆஸ்பத்திரிக் கதவும் சிவப்புக்குத்தான் திறக்கும்.

ஆர்டர் முடிகிற வாரம். வேலை போய்விடுமே என்று பூவாத்தாளும் மற்ற தையல்காரிகளைப் போல வீக்கம் அமுக்கும் மாத்திரையை விழுங்கி விழுங்கிப் பட்டையைப் பச்சையாகவே வைத்திருந்தாள். உள்ளே பித்தப்பை பழுத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் புருஷன் கூட்டிவர, வலது விலாவைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் சுருண்டாள். கதவு திறக்கவில்லை.

"பச்சையா இருக்கறவங்கள எதுக்குங்ண்ணா கூட்டியாந்தீங்க?" என்றாள் வாசல் நர்ஸ்.

"மாத்திரை போட்டிருக்கறாளுங்க. அவ மூஞ்சியப் பாருங்கம்மா!" என்றான் புருஷன் மாரப்பன்.

"மூஞ்சியப் பாத்து நோவு சொல்றதுக்கு எங்களுக்குப் படிப்பே இல்லீங்ண்ணா."

மாத்திரையின் வேகம் தணியட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாயும்போது பட்டை சிவந்தது.

"சிவந்துருச்சு புள்ள!" என்று மாரப்பன் சந்தோஷத்தில் கத்தினான். கதவு திறந்தது. அவளை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினான். அவள் தலை அவன் தோளில் நிற்கவில்லை.