சுவரில் ஓர் ஆறு

ஹால் சுவரைப் பார்த்ததுமே வீட்டுக்காரருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“என்னப்பா இது, ஓதம் இன்னும் இப்படியே இருக்கு! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

கணவன் திருதிருவென்று விழித்தான். மனைவியோ டீ டம்ளரும் கையுமாக, கனவில் நிற்பவள் போல அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடிவந்த நாள் முதல் அவளுக்கு அது கறை இல்லை. காலையில் ஓர் ஆறு, வெயில் சாய்ந்தால் பனி மூடிய காடு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் ஓவியம் தீட்டவே ஆரம்பித்தாள்.

“போன வருஷம் பார்த்த அதே கறைதான். ஓரத்துல பாசி வேற. நாளைக்கே கொத்தனாரை அனுப்பறேன், கொத்திப் பூசிடட்டும்.”

“ஐயோ, கொத்தல்லாம் வேண்டாம் சார்!” என்று கணவன் பதறினான்.

வீட்டுக்காரர் விரலால் தடவினார். “ஈரமே இல்லையே?” இன்னும் கொஞ்சம் அழுத்தினார். சுவர் உள்ளே அமுங்கியது.

அது சுவரில் மாட்டிய கேன்வாஸ்; கணவன் அசடு வழிய அதன் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான். பின்னால் பளிச்சென்று வெள்ளைச் சுவர்.

போன மாதம் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, வந்ததும் சந்தோஷப்படுவாளே என்று அவன்தான் ஆள் வைத்துக் கசிவை அடைத்து வெள்ளையடித்திருந்தான். வந்து பார்த்தவள், தொலைந்த அந்த ஆற்றைத் தானே வரைய உட்கார்ந்தாள். டீத்தண்ணீர், உப்பு, ஆணித் துரு, கிழித்த செய்தித்தாள், சுண்ணாம்பு என்று எதையெதையோ கேன்வாஸில் ஊற்றினாள், ஒட்டினாள், சுரண்டினாள். ஆறு மட்டும் வரவில்லையே என்று நேற்றுவரை அழுதாள்.

“சார்,” என்றாள் அவள், கண் கலங்க. “இன்னொரு தரம் திட்டுங்களேன்.”