கிளம்பாத காலை

ஒரே ஒரு தடவையாவது இந்த வண்டி மக்கர் பண்ணியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே, வண்டியை வழக்கமான சர்வீஸுக்கு விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். வாங்கிய நாள் முதல் அந்த ஜெர்மன் கார் எங்கேயும் நின்றதில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்த காலையில், எழுந்திருக்க அலுப்பாக இருந்தது. "வண்டி கிளம்பலம்மா" என்று போனில் பொய் சொன்னாள்.

"விடுடி. ஜெர்மன்காரன் செஞ்சதுன்னாலும் அதுக்கும் ஒரு நாள் மேலுக்கு முடியாமப் போகாதா?" என்று சிரித்துவிட்டு அம்மா பஸ்ஸில் போனாள். இறங்கும்போது விழுந்தவள் வீடு திரும்பவில்லை.

இப்போது மெக்கானிக் வண்டியில் கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்தான்.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்குக்கா. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு கோளாறுதான் பதிவாகியிருக்கு. காலையில ஸ்டார்ட் ஆகலை." தேதியைப் படித்தான்.

அம்மா விழுந்த நாள்.

அன்று அவள் வண்டியைத் தொடவே இல்லை. சாவி பொழுதுக்கும் ஆணியில்தான் தொங்கியது. கேட்காமலே யாரோ அவள் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"பழைய கதைதானே, அழிச்சிடவாக்கா?"

அவன் விரல் பொத்தான்மேல் காத்திருந்தது.

"வேண்டாம் தம்பி," என்றாள் மெதுவாக. "அது இருக்கட்டும்."