இன்னொரு புஷ்பவள்ளி

"காலையிலதானக்கா வந்து வாங்கிட்டுப் போனீக? மறுபடியும் கேக்குறீகளே?"

மருந்துக்கடை சேவுகப்பெருமாள் அப்படிக் கேட்டதும் புஷ்பவள்ளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்டரமாணிக்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, காரைக்குடியில் இறங்கி, இப்போதுதான் கடைப்படி ஏறியிருந்தாள்.

"நான் இப்பத்தான தம்பி வாரேன்? வேற யாருக்கும் மாத்திக் குடுத்துட்டீகளா?"

"இந்த மாத்திரைய நம்ம கடையில வாங்குறது நீங்க மட்டுந்தானக்கா. எப்புடி மாத்திக் குடுப்பேன்?"

மாதவிடாய் நின்றபிறகு வந்த தொல்லைகளுக்கான மாத்திரை அது. நினைத்த நேரத்தில் உடம்பு தீயாகக் கொதிக்கும், கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றும், ராத்திரி தூக்கம் இருக்காது. மாத்திரை போட்டால்தான் மனுஷியாக நடமாட முடிந்தது. சேவுகப்பெருமாள் அதை மதுரையிலிருந்து வரவழைப்பார். பத்து நாளைக்கு ஒரு அட்டைதான் வரும். ஐம்பத்திரண்டு வயதில் மாதம் மூன்று தடவை இந்த அலைச்சல். போன மாதமும் ஒருமுறை, "அட்டைய வாங்கியாச்சே" என்றார். வாங்கி எங்கேயோ வைத்து மறந்துவிட்டோம் என்று புஷ்பவள்ளியும் சும்மா இருந்துவிட்டாள்.

"நம்பிக்கை இல்லன்னா இங்குட்டு வந்து பாருங்க" என்று கேமரா பதிவை ஓடவிட்டார்.

ஒரு பெண் கடைக்குள் நுழைகிறாள். அரக்குக்கரை போட்ட பச்சைச் சேலை. புஷ்பவள்ளியுடைய சேலை. முகத்தில் மாஸ்க். அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பியவள் வாசலில் நின்று, இடது கையை இடுப்பில் ஊன்றி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

புஷ்பவள்ளி குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். அதுவும் இடுப்பில்தான் இருந்தது.

"குரலும் உங்க குரல்தானக்கா" என்றார் சேவுகப்பெருமாள், கொஞ்சம் தணிந்து. "எதுக்கும் டாக்டரம்மாகிட்டச் சொல்லி வைங்க. இந்த வயசுல மறதி வரும்பாக."

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள். பச்சைச் சேலை மடித்தபடி இருந்தது. பொங்கலுக்குப் பிறகு அவள் அதை உடுத்தவே இல்லை. முந்தானையைத் தொட்டாள். ஈரம். மூக்கருகே கொண்டுபோனாள். வேர்வை.

காலையில் வயலுக்குப் போனது நினைவிருந்தது. ராத்திரி தூங்காத அசதியில் புங்கமரத்தடியில் கண்ணயர்ந்ததும் நினைவிருந்தது. விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நடுவில் இரண்டு மணி நேரம் என்ன ஆனது?

அடுப்படியில் மருமகள் அகல்யா குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் மகள்தான். மகன் வீரபாண்டியனுக்குக் கட்டிவைத்து மூன்று வருடம் ஆகிறது. இன்னும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று, குன்றக்குடி முருகனிடம் வேண்டிக்கொள்ளச் சொல்லி அடிக்கடி அனுப்பிக்கொண்டிருந்தாள் புஷ்பவள்ளி.

"அகல்யா, காலையில நான் எங்குட்டாச்சும் போனனா?"

"வயக்காட்டுக்குப் போனீக. அப்பறம் எனக்குத் தெரியாது அத்தை, நான் கோயிலுக்குப் போயிட்டேன். ஏன் கேக்குறீக?"

"ஒண்ணுமில்ல."

யாரிடம் சொல்வது? மகனிடம் சொன்னால் பைத்திய வைத்தியம் பார்க்க அழைத்துப் போய்விடுவான். தான் அறியாமல் தன் கால் நடக்கிறது, தன் வாய் பேசுகிறது என்றால், நாளைக்கு வேறு என்னதான் செய்யாது? அதன்பிறகு வயலில் உட்காரக்கூடப் பயந்தாள்.

அடுத்த அட்டை வரும் நாளில், வயலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸிலேயே காரைக்குடிக்குப் போனாள். சேவுகப்பெருமாள் கடை திறந்ததும் உள்ளே போய், மருந்து அலமாரிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"யாரு வாராகன்னு பாத்துருவோம்க்கா" என்றார் அவர்.

"வாரது நான்தான்னா, இங்க உக்காந்துருக்கது யாரு தம்பி?"

சேவுகப்பெருமாள் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பத்தரை மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, கண்டரமாணிக்கம் புஷ்பவள்ளி. அட்டை வந்துருச்சா?"

புஷ்பவள்ளிக்கு மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. அது அவளுடைய குரல். வாயை இறுகப் பொத்திக்கொண்டாள், அந்த வார்த்தைகள் தன் வாயிலிருந்துதான் வருகின்றனவோ என்று. சேவுகப்பெருமாள் அட்டையை நீட்டாமல் சிலையாக நின்றார்.

புஷ்பவள்ளி முருகா என்று எழுந்தாள். அலமாரியைச் சுற்றி வந்து, கல்லாமேசை மேலிருந்த அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். கை கொதித்தது. மணிக்கட்டெல்லாம் வேர்வை. மாஸ்க்கைப் பிடித்து இழுத்தாள்.

அகல்யா.

அத்தையின் குரலும் நடையும் அண்ணன் மகளுக்கு அப்படியே வாய்த்திருப்பது அப்போதுதான் புஷ்பவள்ளிக்கு உறைத்தது. பயமெல்லாம் கோபமாக மாறியது.

"ஏண்டி, என்னையப் பைத்தியக்காரியாக்கப் பாத்தியா? நான் கிடந்து வேகுறதப் பாக்க உனக்கு அம்புட்டு ஆசையா? இந்த மாத்திரைய வச்சு நீ என்னடி செய்யப் போற?"

அகல்யாவின் கழுத்திலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தி, அத்தைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"உங்க பேர்ல வாங்குனா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாக அத்தை. மதுரை டாக்டரம்மா எனக்கும் இதே மாத்திரையத்தான் எழுதியிருக்காக. எனக்கு நின்னு ரெண்டு வருசமாச்சு."