பத்தாவது பை

பையனுக்கு உடனே ரத்தம் ஏற்றியாக வேண்டும். ரத்த வங்கிப் பெண் ஒன்பது பைகளைச் சோதித்துவிட்டாள். அவன் ரத்தத்தோடு சேர்ந்ததும் ஒவ்வொன்றும் திட்டுத்திட்டாகத் திரண்டது. நேற்று அவன் அக்கா கொடுத்துவிட்டுப் போன பத்தாவது பை மட்டும் திரளவில்லை. சோதித்தவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வெளியே ஓடினாள். "அய்யா, உங்க பொண்ணோட ரத்தம் பொருந்திடுச்சு!"

பையனின் அப்பா திருதிருவென விழித்தார். "எனக்கு இவன் ஒருத்தன்தாம்மா. மூத்தவ பொறந்த அன்னிக்கே போயிட்டா."

ரத்தம் கொடுத்தவள் நிரப்பிய படிவத்தைக் காட்டினாள். உறவு: அக்கா. வயது: இருபத்திரண்டு. அவர் விரல்விட்டு எண்ணினார். சரியாக இருந்தது.

படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார். "ரத்தம் குடுத்துட்டு ஏதாவது குடிச்சாளாம்மா?"

"ஜூஸ் குடுத்தேங்க. தம்பிக்குன்னு வெச்சுட்டுப் போயிட்டாங்க."