நீல மஞ்சள் மிதவை

துறைமுகத்து மிதவைகளைப் பராமரிப்பவர் திங்கட்கிழமை காலை, கரையிலிருந்து நாலு மைலில் ஒரு புது மிதவையைக் கண்டார். நீலமும் மஞ்சளுமாகப் பட்டை போட்டிருந்தது. அங்கே அண்மையில் ஏதோ மூழ்கியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எதுவும் மூழ்கியிருக்கவில்லை. மிதவையின் மேல் அவருடைய தங்கை கணவரின் படகுப் பெயர் எழுதியிருந்தது.

நேரே தங்கை வீட்டுக்கு ஓடினார்.

"மாப்ள, இந்த வாரம் கடலுக்குப் போகாதீங்க."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா மச்சான்?" என்று சிரித்தாலும், மாப்பிள்ளை படகைக் கட்டிப்போட்டார்.

செவ்வாயன்று மிதவை துறைமுக வாயிலில் நின்றது. புதனன்று, கட்டிக்கிடந்த படகை ஒட்டி நின்றது. அவர் பதறிப்போய்த் தங்கைக்குப் போன் செய்தார்.

"ரெண்டு பேரும் வீட்டை விட்டு வெளியே வராதீங்கம்மா."

"சரிண்ணா" என்றாள்.

வியாழன் காலை கடலெங்கும் தேடியும் மிதவையைக் காணோம். அப்பாடா என்று மூச்சுவிட்டு, நல்ல சேதி சொல்லத் தங்கை வீட்டுக்குப் போனார்.

வாசலில் மிதவை சொட்டச் சொட்ட நின்றது. அதன் சங்கிலி, சாத்திய கதவுக்கு அடியில் நுழைந்து உள்ளே போயிருந்தது. தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டே அதைப் பிடித்து இழுத்தார். நாற்பது ஆள் ஆழத்தில் இறங்கிக் கிடப்பதுபோல் அது கனத்தது.