டீசல் எங்கே போச்சு?

“பதினாலு கொடுத்துட்டு இருந்த வண்டிம்மா இது. இப்போ லிட்டருக்கு ஒன்பதுதான் கொடுக்குது. ஒண்ணு, வண்டியில கோளாறு இருக்கணும். இல்ல, என் வீட்டுல திருடன் இருக்கணும். எதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்!”

அவர் போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி மட்டும் பார்க்கவில்லை. ஏழு பேர் உட்காரும் அந்தப் பெரிய வண்டியின் நிழலில் ஒதுங்கி நின்று, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

திருடி அவள்தான்.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு மதியம் மகளுக்கு மூச்சு முட்டியது. அவர் வெளியூரில். கூப்பிட்ட வாடகை வண்டி வந்து சேர்வதற்குள் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. சொந்த வண்டி வாசலில் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது. ஓட்டத்தான் ஆளில்லை.

“எனக்கும் கத்துக் கொடுங்களேன்” என்று கேட்டாள்.

“கரண்டி பிடிக்கிற கைக்கு ஸ்டீயரிங் எதுக்கு? வண்டியைத் தொட்டேன்னு தெரிஞ்சுது, அப்புறம் சாவி என் பாக்கெட்டோடதான் ஊருக்குப் போகும்” என்றார் அவர்.

அதனால் அவர் ஊரில் இல்லாத நாட்களில், வீட்டு கேட்டுக்குள்ளேயே முன்னால் நாலு அடி, பின்னால் நாலு அடி. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினாள். கிலோமீட்டர் ஏறாது, மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று கணக்குப் போட்டாள். டீசல் இறங்குமே என்பது அந்த அவசரத்தில் புத்திக்கு எட்டவில்லை.

இப்போது மாட்டினால் சாவி போய்விடும். மகளுக்கு மறுபடி மூச்சு முட்டினால்?

மெக்கானிக் ஒரு பெண் என்று பார்த்ததும் முதலில் கொஞ்சம் தெம்பு வந்தது. அதையும் அவரே கெடுத்தார்.

“பொம்பளைங்க கையில வண்டியைக் கொடுத்தா டீசல் என்ன, வண்டியே மிஞ்சாது. உன்னைச் சொல்லலம்மா!”

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தாள். “நூத்துக்கு நூறு கரெக்ட் சார்!”

சரியான ஜால்ரா. இவள் எங்கே நம்மைக் காப்பாற்றப் போகிறாள்?

“டயர்ல காத்து சரியா இருக்கு சார்.”

கடவுளே, என்று வேண்டிக்கொண்டாள் மனைவி.

“ஏர் ஃபில்டரும் சுத்தமா இருக்கு.”

ஏதாவது ஒன்றாவது கெட்டுப்போயிருக்கக் கூடாதா?

“பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடுதான்னு பார்த்தேன். இல்ல, சக்கரம் நல்லாவே சுத்துது. எங்கேயும் ஒழுகவும் இல்ல.”

சொந்த வண்டி பழுதாகியிருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

“இன்ஜின் ஏகப்பட்ட நேரம் ஓடியிருக்கு சார். ஆனா அந்த அளவுக்கு வண்டி நகரவே இல்லையே.”

“அப்படின்னா?”

மெக்கானிக் வண்டியின் பின்னால் போய்க் குனிந்தாள். பம்பரின் ஓரத்தில் பச்சைக் கீறல். வீட்டு கேட்டின் பெயிண்ட். மனைவிக்கே அது இப்போதுதான் கண்ணில் பட்டது. உயிரே போய்விட்டது. மெக்கானிக் அந்தக் கீறலைப் பார்த்தாள். பிறகு இவளை, கால் செருப்பு வரைக்கும் பார்த்தாள். கையிலிருந்த எண்ணெய்த் துணியால் அந்த இடத்தைத் தேய்த்தாள்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். “நான் இல்லாதப்போ வண்டியை யாரு எடுத்தா?”

அவள் கைப்பையின் வாரை இன்னும் இறுக்கி முறுக்கினாள்.

“உன்னைத்தான் கேக்கறேன்!”

“அவங்களை ஏன் சார் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க” என்று எழுந்தாள் மெக்கானிக். “கண்டுபிடிச்சாச்சு. சொன்னா கோவப்படக் கூடாது.”

“நீ சொல்லும்மா. யாரா இருந்தாலும் விடமாட்டேன்.”

மனைவி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓரமா நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கிட்டு, மணிக்கணக்கா போன் பேசுவீங்களா சார்?”

அவர் விழித்தார். “பிசினஸ் கால் வரும்... பேசித்தானே ஆகணும்?”

“கிளட்ச் மேலயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டுவீங்களோ?”

“சேச்சே! நான் இருபது வருஷமா ஓட்டறேன்...”

“அதான் சார். பழகின கால். வெச்சிருக்கறதே உங்களுக்குத் தெரியாது. கிளட்ச் வேற தீயற வாசனை அடிக்குது. உங்க டீசல் போற வழி இதுதான்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் பாதியாகக் குறைந்தது. “சரி சரி... இதைப் போய்ச் சத்தமா சொல்லணுமா?”

நல்ல வேளை, அவர் போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டே வாசல் பக்கம் நழுவினார்.

மெக்கானிக் பானெட்டை இறக்கினாள். துணியில் கையைத் துடைத்தபடி, வண்டியைப் பார்த்தே பேசினாள்.

“கேட்டுக்குள்ளேயே முன்னே பின்னே எடுத்துக்கிட்டிருந்தா டீசல்தான் தீரும்க்கா, பயம் தீராது. சார் ஊருக்குக் கிளம்பினதும் ஒரு போன் போடுங்க. ரோட்டுல ஓட்டலாம், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”